இரண்டு கிலோ நானூறு

என் வீட்டுக்காரருக்கு எடை ஐம்பத்திரண்டு கிலோ. கல்யாணமான நாளிலிருந்து இதே ஐம்பத்திரண்டுதான். நான் வடித்துக் கொட்டியதெல்லாம் எங்கே போகிறது என்று இன்றுவரை தெரியவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், ஆள் நுழைய முடியாத சந்துக்குள் புகுந்து வேலை பார்க்க இந்த உடம்புதான் தோது என்பார். அதே உடம்பு தோதாக இருக்கும் இன்னொரு இடமும் உண்டு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது.

ஃபார்முலா கார். ஒரே ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்த வாக்கில் உட்கார்ந்து ஓட்டுகிற, கூரை இல்லாத, நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிற பந்தயக் கார். டீவியில் வருகிற கோடீஸ்வரர்களின் கார் என்று நினைத்துவிடாதீர்கள். இது மாதச் சம்பளக்காரர்களின் ஃபார்முலா. எல்லாருக்கும் ஒரே எஞ்சின். அதுவும் வீட்டுக்குச் சாமான் வாங்கப் போய்வருகிற சின்னக் காரின் எஞ்சின். அதற்கு முத்திரை வைத்துவிடுவார்கள், யாரும் கை வைக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே டயர். காசைக் கொட்டி ஜெயிக்க வழியில்லை, திறமை இருக்கிறவன் ஜெயிக்கட்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். என் வீட்டுக்காரர் பதினோரு வருடமாக ஒன்பதாவதாக வந்துகொண்டிருக்கிறார்.

ஓட்டத் தெரியாமல் இல்லை. கொடுத்துக் கொடுத்தே பின்னால் போனவர் அவர். அவரோடு ஓட்டுகிற கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். வாரநாளில் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை இவர்களோடு கார் ஓட்டுவார். ஒருமுறை பந்தயம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது டாக்டரின் கிளட்ச் கம்பி அறுந்துபோனது. இவர் தன்னிடம் இருந்த மாற்றுக் கம்பியைக் கொடுத்தார். கொடுத்ததோடு நின்றாரா? காருக்கு அடியில் படுத்து மாட்டியும் விட்டார். அன்று டாக்டர் இரண்டாவது. அந்த அவசரத்தில் தன் டயருக்குக் காற்றுப் பார்க்க மறந்த இவர் பத்தாவது. இன்னொருமுறை தலையில் இருந்த ஹெல்மெட்டையே கழற்றி ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டு, சுவரோரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு வேலை மாத்தலாயிடுச்சும்மா. இதுதான் அவனுக்குக் கடைசி ரேஸ்," என்றார், ஏதோ நியாயம் சொல்லிவிட்டவர் மாதிரி.

இவர் ஒருத்தர் மட்டும் இப்படியென்றால் கிறுக்கு என்று விட்டுவிடலாம். அந்தக் கூட்டமே அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் காலைப் பயிற்சியில் இவர் கார் சுவரில் மோதி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிற்பகல் பந்தயத்துக்குள் ஆறு பேர் சேர்ந்து அந்தக் காரைத் திரும்ப எழுப்பினார்கள். ஒருத்தர் பற்றவைத்தார், ஒருத்தர் தன் வீட்டுக்கு ஓடிப்போய் மாற்று அச்சு கொண்டுவந்தார், டாக்டர் பல்லை ராவுகிற அதே கவனத்தோடு ஒரு போல்ட்டை ராவிக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் ஓடாவிட்டால் நமக்கு ஓர் இடம் மேலே கிடைக்குமே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! இவரைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் தங்கள் கார்களைத் தேடி ஓடினார்கள். அன்றைக்கு எனக்கு அவர்கள் மேல் பாசம் வந்துவிட்டது உண்மை. மறுநாள் சாயங்காலம் ஆறு பேரும் எங்கள் ஷெட்டில் வந்து உட்கார்ந்து பதினெட்டு டீ குடித்ததும் அது சரியாகிவிட்டது.

அந்த ஷெட்தான் எனக்கு வேண்டும்.

வீட்டின் முன்பக்கம், தெருவைப் பார்த்து, பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். இரும்பு ஷட்டர். உள்ளே அந்தக் கார், அதன் டயர்கள், கழற்றிப் போட்ட அதன் உறவுமுறைகள். நான் பதினான்கு வருடமாக ஒரு பார்சல் கம்பெனியின் கவுன்டரில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிற்கிறேன். உட்கார்ந்தால் மேனேஜருக்குக் கண் உறுத்தும். எடை போடுவது, ஒட்டுவது, எழுதுவது, ரசீது கிழிப்பது. என்னைத் தாண்டி ஒரு கிராம் போகாது. "சும்மா ஒரு புடவைதாம்மா, பாத்து எழுதுங்க" என்று கெஞ்சுகிறவர்களிடம், "புடவை சும்மாதாங்க, தராசு சும்மா இல்ல" என்பேன். அந்தக் கம்பெனி எங்கள் பகுதியில் ஒரு கிளை திறக்கப் போகிறது. தெருவைப் பார்த்த அறை இருந்தால் அனுபவம் உள்ளவர்களுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். புதன்கிழமை இடம் பார்க்க வருகிறார்கள். நான் இல்லையென்றால் இரண்டு தெரு தள்ளியிருக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்காரருக்குப் போகும். என் பெயரில் ஒரு கவுன்டர், நான் உட்கார ஒரு நாற்காலி. இதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

கேட்டால் கொடுத்துவிடுவார்தானே என்று நினைப்பீர்கள். நடுவில் என் வாய்க்கொழுப்பு ஒன்று இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சண்டையில், "ஒரு கப்பாவது வாங்கிட்டு வந்து அப்புறம் பேசுங்க!" என்று கத்திவிட்டேன். கோபத்தில் சொன்னது. அந்த மனுஷன் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டார்.

"சரி. ஒரே ஒரு கப்பு. மூணாவது வந்தாலும் கப்புதான். வாங்கின அன்னைக்கே காரை வித்துடறேன். ஷெட்டு உனக்கு."

நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். அதற்குப் பிறகு ஷெட் என்ற பேச்சை எடுத்தாலே, "கப்பு வரட்டும்" என்பார். கப்பா, அது எங்கே வந்தது. போன மாதம், "கம்பெனியிலேர்ந்து அடுத்த மாசம் முதல் புதன்கிழமை இடம் பாக்க வராங்களாம்," என்று மட்டும் சொன்னேன். கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு, "அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ரேஸ் இருக்கு. வாங்கிடறேன்," என்றார். கடைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் வாங்கிவருகிறேன் என்பது போலச் சொன்னார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் அந்த ஒரு மாதம் அவர் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. டாக்டர் வந்து நின்றபோதுகூட ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு வேலை பார்த்தார். ஒவ்வொரு திருகையும் துடைத்து மாட்டினார். வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்டியிருக்க, டயர் டயராகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, இந்தத் தடவை வாங்கிவிடுவார் என்றே எனக்குப் பட்டது.

பந்தயக் களத்தில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். செலவு குறைய வேண்டும் என்பதற்காக அங்கே கூலிக்கு ஆள் கிடையாது. ஒரு கார் ஓடினால் அந்தக் காரோடு ஒரு ஆள் வேலைக்கு வர வேண்டும். கொடி பிடிக்க, களத்தைக் கூட்ட, டீ ஊற்ற. முதல் வருடமே நான் பார்சல் கவுன்டர் என்று தெரிந்ததும் எடையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பந்தயம் முடிந்ததும் முதல் ஆறு கார்களை எடை போட வேண்டும். ஓட்டியவர் உள்ளே இருக்க, காரும் ஆளும் சேர்ந்து ஐந்நூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அன்றைய ஓட்டம் கணக்கில் கிடையாது. எடை குறைந்த கார் வேகமாக ஓடும், அதனால்தான் இந்த விதி. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எடைத்தட்டு, நடுவில் எண் காட்டும் பெட்டி. எனக்கு ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. என் பெயரே அங்கே யாருக்கும் தெரியாது, தராசக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்த டாக்டருக்கும் நான் அக்கா. போன வருடம் அவர் கார் முந்நூறு கிராம் குறைந்து, வாங்க வேண்டிய முதல் பரிசு போயிற்று. "காலையில ஷேவ் பண்ணிட்டு வந்தேங்க்கா, அதான்," என்று தாடையைத் தடவிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுதினேன்.

ஐம்பத்திரண்டு கிலோ ஆள் காரில் உட்கார்ந்தால் ஐந்நூறு வராது. அதனால் என் வீட்டுக்காரர் பழைய லிஃப்ட் ஒன்றின் எடைக்கல்லை அறுத்து, ஐந்து கிலோவில் நான்கு இரும்புத் தகடுகள் செய்து, இருக்கைக்கு அடியில் திருகி வைத்திருப்பார். அதை மாட்டினால் டேங்க் காலியாக இருந்தாலும் காரும் ஆளும் சேர்ந்து சரியாக ஐந்நூறு வந்துவிடும்.

அந்த ஞாயிறு காலையில், பந்தயத்துக்கு முன் யார் வேண்டுமானாலும் வந்து எடை பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டுகளைப் போட்டுவைத்திருந்தேன். பேக்கரிப் பெண் வந்தாள். பேக்கரி வண்டி ஓட்டுகிறவள், இருபத்தைந்து வயது, இந்த வருடம்தான் சேர்ந்திருந்தாள். இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்தாள். ஹெல்மெட்டுக்குள் முகத்தைத் தேட வேண்டியிருந்தது. நானூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது.

"அக்கா, இப்ப நான் என்ன பண்றது?"

"நாலு கிலோ ஏத்திக்கிட்டு வா. எங்கிட்ட கேட்டா? நான் என்ன, இரும்புக் கடையா வச்சிருக்கேன்?"

அரை மணியில் திரும்ப வந்தாள். ஐந்நூற்று ஒன்று. சரி, போ என்றேன். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பந்தயம் பிற்பகல் மூன்று மணிக்கு. எடை போடும் இடத்திலிருந்து கடைசி வளைவு மட்டும்தான் தெரியும். முதல் சுற்றில் இவர் ஆறாவதாக வந்தார். ஐந்தாவது சுற்றில் ஐந்தாவது. நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். பத்தாவது சுற்றில் நான்காவது. முன்னால் டாக்டர். அதற்குப் பிறகு இரண்டு கார்களும் ஒவ்வொரு சுற்றும் அந்த வளைவில் ஒன்றை ஒன்று உரசுகிற மாதிரி வந்துகொண்டிருந்தன. கடைசிச் சுற்றில் டாக்டர் கொஞ்சம் வெளியே விலகி, வளைவின் உள்பக்கம் இடம் விட்டார். ஒரு கைக்குட்டை விரிக்கிற அளவு இடம். இவர் அதற்குள் நுழைந்தார். யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காமல், எதைப் பற்றியும் யோசிக்காமல் என் வீட்டுக்காரர் ஓட்டி அன்றுதான் பார்த்தேன். மூன்றாவது! நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் கொடி பிடித்திருந்தவர் கொடியைக் கீழே போட்டுவிட்டார்.

கார்கள் வரிசையாக எடைக்கு வந்தன. முதல் கார், ஐந்நூற்று நான்கு. இரண்டாவது, ஐந்நூற்று இரண்டு. மூன்றாவதாக இவர். எஞ்சினை நிறுத்திவிட்டு, நால்வர் தள்ள, தட்டுகளில் ஏறினார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். உள்ளே அழுதுகொண்டிருந்தார்.

"ஷெட்டு உனக்கும்மா," என்றார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். நானூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு.

காரை இறக்கச் சொல்லி, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப ஏற்றச் சொன்னேன். நானூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. தட்டுகளைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை ஏற்றினேன். அந்தப் பெட்டிக்கு என்ன, வெட்கமா மானமா, அதையேதான் காட்டியது.

"என்னங்க இது?"

அவர் முகம் மாறியது. இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் தடவினார். அதற்குள் பின்னால் வரிசையில் நின்றிருந்த பேக்கரிப் பெண் காரிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு தகடு என் கார்ல இருக்குக்கா! காலையில அண்ணன்தான் கழட்டிக் குடுத்தாரு. அதையும் சேத்துக்குங்கக்கா!"

ஒரு மாதம் ஷட்டரை இறக்கிவைத்துக் காத்த மனுஷன். கடைசி நாள் காலையில் போய்க் கொடுத்திருக்கிறார்.

"கணக்குப் போட்டுத்தாம்மா குடுத்தேன்," என்றார். "தகடு அஞ்சு கிலோ. டேங்கை நெறைச்சிட்டா ரேஸ் முடியறப்ப ஆறு கிலோ பெட்ரோல் மிஞ்சும். எப்பவும் மிஞ்சும். பதினோரு வருஷமா பாக்கறேன்."

"இன்னைக்கு மட்டும் எங்க போச்சு?"

"குடிச்சிடுச்சு. முன்னாடி போனா இவ்வளவு குடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னாடி போனதே இல்லையேம்மா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நோட்டைத் தூக்கி அவர் ஹெல்மெட் மேலேயே அடித்திருப்பேன். கணக்கு சரிதான். ஆனால் அது ஒன்பதாவதாக வருகிறவனின் கணக்கு. ஒதுங்கி ஒதுங்கி, அடுத்தவனுக்கு வழிவிட்டு, பெட்ரோலை மிச்சம் பிடித்து ஓட்டியவனின் கணக்கு.

அப்போதுதான் அந்தக் கூட்டம் அதைச் செய்தது. முதலில் டாக்டர். இவர் போனால் மூன்றாவது கப்பு அவருக்குத்தான். அவர் திரும்பி நின்றுகொண்டு தன் டயரைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

"நான் எதையும் பாக்கலக்கா. ஐநூறுன்னு எழுதுங்க," என்றார் டயரிடம்.

பேக்கரிப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முதல் இரண்டு இடம் வந்தவர்களும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். பந்தயத்தை நடத்துகிறவர், கழுத்தில் எப்போதும் விசில் மாட்டியிருப்பவர், விதியைக் காக்க வேண்டிய மனுஷன், வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே," என்றார். ஒரு மேகம் கிடையாது. தள்ள வந்த நால்வரும்கூட முதுகைக் காட்டி நின்றார்கள். சுற்றிலும் முதுகு. நடுவில் நானும் நோட்டும் அந்த எண்ணும்.

எழுதியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், பேனாவை நோட்டில் வைத்தேவிட்டேன். ஐந்து என்று ஒரு எண், அதன் பின்னால் இரண்டு பூஜ்யம். புதன்கிழமை ஷட்டரைத் திறந்து காட்டலாம். நாற்காலி போட்டு உட்காரலாம். கால் வீக்கத்தோடு வீட்டுக்கு வர வேண்டாம். எனக்கு அது வேண்டும், அவ்வளவு வேண்டும்.

ஆனால் அந்தக் கடையில் நான் முதலில் வாங்கி வைக்கப் போவது தராசு. இப்படி எழுதி வாங்கிய இடத்தில் எந்த முகத்தோடு அதை வைப்பேன்? முந்நூறு கிராமுக்கு டாக்டரின் முதல் பரிசைப் பிடுங்கியவள் நான். அவர் இப்போது எனக்காகத் திரும்பி நிற்கிறார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. இந்தக் கூட்டம் திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படி நின்றால் என்ன செய்வது?

497.6 என்று எழுதினேன். குறைவு இரண்டு கிலோ நானூறு. கீழே கையெழுத்துப் போட்டேன்.

"எல்லாரும் திரும்புங்க. மழையெல்லாம் வராது," என்றேன்.

திரும்பினார்கள். பேக்கரிப் பெண் அழுதாள். என் வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கி வந்து நோட்டைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்க," என்றார். பிறகு, "அடுத்த மாசம் இன்னொரு ரேஸ் இருக்கும்மா. அதுல கண்டிப்பா..."

அவ்வளவுதான். எனக்குள் ஏழு வருடமாகப் பூட்டி வைத்திருந்தது பிய்த்துக்கொண்டது.

"கப்பு வேணாம்! எனக்குக் கப்பே வேணாம்! கப்பை வச்சு நான் என்ன தண்ணியா குடிக்கப் போறேன்? ஷெட்டு வேணும். நீங்க மூணாவது வந்தாலும் வேணும், முப்பதாவது வந்தாலும் வேணும். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்தக் கார் என் கண்ணுல படக் கூடாது. விப்பீங்களோ, தலையில தூக்கிட்டு அலைவீங்களோ, அது உங்க பாடு. எனக்குக் கடை வேணும்!"

களமே கேட்டிருக்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு நிமிடம்தான். அப்புறம் அந்தக் கூட்டம் தன் புத்தியைக் காட்டிவிட்டது.

"எங்க பேக்கரிக்குப் பின்னாடி மாவு மூட்டை அடுக்கற இடம் இருக்கு. காலி பண்ணிட்டா கார் நிக்கும்," என்றாள் பேக்கரிப் பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"மாவுக்குப் பக்கத்துல கிரீஸா? என் கிளினிக் மூணாவது மாடி காலியாத்தான் கெடக்கு," என்றார் டாக்டர்.

"மாடிக்குக் காரை எப்படிய்யா ஏத்துவே?"

"பெரிய லிஃப்ட்டு இருக்குல்ல. ஓடல. நம்ம ஆளு பாத்துக் குடுத்தா ஓடும்."

ஒருத்தர் அதற்குள் டேப்பை எடுத்து என் வீட்டுக்காரர் காரின் அகலத்தை அளக்க ஆரம்பித்திருந்தார். செவ்வாய்க்கிழமை யார் வண்டி கொண்டுவருவது, டயர்களை எங்கே வைப்பது என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். என் கடைக்கு அலமாரி அடித்துத் தருவதாக ஒருத்தர் அளவு கேட்டார். மூன்றாவது கப்பு யாருக்கு என்று அங்கே ஒருத்தருக்கும் நினைப்பில்லை. கோபத்தை ஒழுங்காகப் படக்கூட விடாத கூட்டம்.

அவர் மட்டும் நகரவில்லை. ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"இவ்வளவு வேணும்னா, இதை ஏம்மா முன்னாடியே கேக்கல?"

நான் நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பதில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

"நீங்க ஜெயிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்," என்றேன்.

டாக்டரைக் கூப்பிட்டு, காரைத் தட்டில் ஏற்றச் சொன்னேன்.